பட்டன் வைத்த ஸ்மார்ட்போனுக்கு மாறலாமா?

கைபேசிக் கேள்வி – கடைக்காரர் பதில்

(ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நம் பத்தி எழுத்தாளர், வாசகர்களின் கேள்விகளுக்கு மாதந்தோறும் பதில் தருகிறார்.)

இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்தால் ஆளாளுக்குப் பட்டன் போன் பற்றியே கேட்டிருக்கிறார்கள். கீபோர்ட் வைத்த ஸ்மார்ட்போன் திரும்பி வருகிறது என்று யூடியூபில் நாலு வீடியோ ஓடினால் போதும், மலையேறி இங்கே வந்துவிடுகிறது. சரி, மற்றக் கேள்விகள் அடுத்த மாதத்துக்கு நிற்கட்டும்.

*

அண்ணே, நான் பொகவந்தலாவைப் பக்கம் பகுதிநேர நிருபர். தோட்டத்தில் நடப்பதை எழுதி, போனிலிருந்தே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். கண்ணாடித் திரையில் நீளமாக ஒரு செய்தி அடித்து முடிப்பதற்குள் கட்டை விரல் வலி எடுக்கிறது. எழுத்து மாறி மாறி விழுகிறது, சில நேரம் அடித்து முடித்த பிறகுதான் திரையில் வருகிறது. மழையில் நின்று அடித்தால் கேட்கவே வேண்டாம். இப்போது இருப்பது பழைய 64 ஜீபி போன். டுபாயில் இருக்கும் மச்சான், யூனிஹேர்ட்ஸ் டைட்டன் 2 என்ற கீபோர்ட் போனை வாங்கி அனுப்புகிறேன், பாதிக் காசு நீ போடு என்கிறான். நான் முன்பு அச்சகத்தில் வேலை பார்த்தவன். பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். வாங்கட்டுமா?
– ஒரு நிருபர், பொகவந்தலாவை

தம்பி, போனைப் பற்றி நீங்கள் எழுதியதை விட, பாமினியில் அடிப்பேன் என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு முக்கியம். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தப் போன். ஷாங்காயில் இருக்கும் யூனிஹேர்ட்ஸ் நிறுவனம், 2025இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளம் மூலம் முன்பணம் திரட்டி இதை வெளியிட்டது. 4.5 அங்குலச் சதுரத் திரை, அதற்குக் கீழே பட்டன்கள். 12 ஜீபி ரேம், 512 ஜீபி இடம், 5050 எம்ஏஎச் பெட்டரி, அண்ட்ராய்ட் 15. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2014இல் வந்த பிளாக்பெரி பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காகவே செய்தது போல இருக்கும். அதே 4.5 அங்குலம், அதே 1440க்கு 1440 புள்ளி. விலை 400 டொலரை ஒட்டி வரும். டொலர் 300 ரூபாய்க்கு மேல் போகிற காலத்தில் பாதிக் காசு என்றாலும் உங்களுக்கு அறுபதாயிரம். மச்சான் பாசமானவர்தான், ஆனாலும் அறுபதாயிரம் அறுபதாயிரம்தான்.

இப்போது பாமினிக்கு வருவோம். அச்சகத்தில் நீங்கள் 'தமிழ்' என்று எப்படி அடிப்பீர்கள்? ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி விசை. அந்த அரைப்புள்ளி விசைதான் பாமினியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறது. வலக்கைச் சுண்டு விரல் சும்மா கிடக்கும் இடத்திலேயே அது இருக்கிறது. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? 'ஹட்டன் தோட்டத் தொழிலாளர்கள்' என்று தலைப்புப் போட்டால் அதிலேயே ஆறு புள்ளி. டைட்டன் 2இலோ பழைய பிளாக்பெரியிலோ இருப்பது 26 ஆங்கில எழுத்துக்கான பட்டன்கள். அரைப்புள்ளிக்குத் தனிப் பட்டன் கிடையாது. துணைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் குறிகளின் பக்கத்தைத் திறந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தப் பாடு. 'கொழுந்து' என்று அடிக்கப் பாமினியில் ஷிஃப்டும் இரண்டு தடவை வேண்டும், ழுவுக்கு ஒன்று, துவுக்கு ஒன்று. பத்து விரலும் மேசையில் பரந்து கிடக்கும்போது இதெல்லாம் தெரியாது. இரண்டு கட்டை விரலால் அடிக்கும்போது நன்றாகவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற வித்தை உங்கள் பத்து விரலில் இருக்கிறது. கட்டை விரல் இரண்டுக்கும் அதில் இடைவெளி விசையைத் தட்டுவதைத் தவிர வேறு வேலையே இருந்ததில்லை.

சரி, தமிழ்99க்கு மாறிக்கொள்கிறேன் என்பீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். பழகியவர்கள் அதை விட்டு வர மாட்டார்கள். ஆனால் அதில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளி விசையில், ய அதற்குப் பக்கத்து மேற்கோள் விசையில், ழ சாய்கோட்டு விசையில். இந்த ஐந்து விசையும் 26 பட்டன் கீபோர்டில் இல்லை. 'நம் ஞாயிறு' என்று எழுதப் போனால் முதல் எழுத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மிஞ்சுவது ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறை. அதற்கு 26 பட்டன் தாராளமாகப் போதும். வட்ஸ்அப்பில் இளம் பிள்ளைகள் அப்படித்தான் பறக்கிறார்கள். உங்களுக்கு அது ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. திரையில் தமிழ் அடிக்க வைத்திருக்கும் எல்லாச் செயலியும் வெளிப் பட்டன்களுக்கும் அதே மாதிரி வேலை செய்யும் என்று நம்பிவிட வேண்டாம். சிலது பட்டனைத் தொட்டதும் ஆங்கிலத்துக்கே போய்விடும். சிலதில் தமிழ் வரும், சொல் பரிந்துரை வராது.

இதையெல்லாம் அறுபதாயிரம் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. ஓடிஜி என்று கேட்டால் எந்தப் போன் கடையிலும் ஒரு சின்ன முனை தருவார்கள், சில நூறு ரூபாய். உங்கள் போனின் சார்ஜர் துளை எந்த வகையோ அதற்கேற்றதாக வாங்குங்கள். அச்சகத்தில் மூலையில் கிடக்கும் யூஎஸ்பி கீபோர்ட் ஒன்றை இரவல் வாங்கி, அந்த முனை வழியாகப் போனில் குத்துங்கள். அனேகமான அண்ட்ராய்ட் போன்கள் உடனே எடுத்துக்கொள்ளும், எதையும் நிறுவத் தேவையில்லை. இப்போது 26 எழுத்து விசையை மட்டும் தொட்டு, அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் தொடாமல், ஒரு முழுச் செய்தியை அடித்துப் பாருங்கள். நீங்கள் வைத்திருக்கும் தமிழ்ச் செயலி பட்டனுக்கு ஒத்துழைக்கிறதா, ஆங்கில ஒலி முறை உங்களுக்குக் கைவருகிறதா என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனை உங்களுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து நான் சொல்வது டைட்டன் அல்ல, மடக்கக்கூடிய புளூடூத் கீபோர்ட். அதில் அரைப்புள்ளியும் இருக்கும், அடைப்புக்குறியும் இருக்கும், பத்து விரலுக்கும் இடம் இருக்கும். வாங்கும்போது மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். சிலதில் நடு மடிப்புக்காக நடு எழுத்துகளைத் தள்ளி வைத்திருப்பார்கள், சிலதில் ஓர விசைகளை ஒடுக்கியிருப்பார்கள். உங்களுக்கு ஓரம்தான் உயிர். மடியிலோ, பிள்ளைக்காம்பரா என்கிற தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தின் வாசல் திண்ணையிலோ வைத்து அடிக்கலாம். உங்கள் தோட்டத்திலும் சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மழைக்கு வருகிறேன். கண்ணாடித் திரை, விரலில் உள்ள மின் தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. மழைத் துளி விழுந்தாலும் விரல் பட்டது போலவே அதற்கு. அதனால்தான் தானாக எழுத்து விழுகிறது. பட்டனுக்கு இந்தக் குழப்பம் இல்லை, நனைந்த விரலானாலும் அழுத்தினால்தான் விழும். இது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பட்டனுக்கு வேறொரு நோய் உண்டு, அதை மேசையில் வைத்துக் கழற்றுகிறவனுக்குத்தான் தெரியும். பட்டன் வரிசையைத் தூக்கினால் கீழே ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய தாள் ஒன்று இருக்கும். அதில் எழுத்துக்கு ஒன்றாக, மிளகை விடச் சிறிய உலோகக் குமிழ்கள். நீங்கள் அழுத்தும்போது 'டிக்' என்று மடங்கிக் கீழே உள்ள தங்க நிறப் புள்ளியைத் தொடுவது அதுதான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை எங்கள் பக்கம் மழையும் பனிமூட்டமும் விடாது. அந்தக் காலத்தில் கடைக்கு வரும் பட்டன் போன்களைப் பிரித்தால் அந்தப் புள்ளிகளில் பச்சை பூத்திருக்கும். ஓர் எழுத்து விழாது, அல்லது ஒரு தடவை தட்டினால் மூன்று தடவை விழும். சாதாரணப் பட்டன் போன் என்றால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்து, குமிழ்த் தாளை மாற்றிக் கொடுத்துவிடுவோம். டைட்டனுக்கு அந்தத் தாளை நான் எங்கே தேடுவேன்? கொழும்புக்குப் போனாலும் சாம்சங், ஷாவ்மி உதிரிப்பாகம் கிடைக்கிற மாதிரி இது கிடைக்காது. ஒரு எழுத்து செத்தால் சீனாவிலிருந்து வர வேண்டும். நிருபருக்கு 'க' விழாத போன் எதற்கு?

சதுரத் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசிக்கவும் ஆவணம் பார்க்கவும் அகலம் நல்லது. ஆனால் இப்போது நிருபர் வேலையில் பாதி வீடியோதானே. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவைச் சதுரத் திரையில் பார்த்தால் நடுவில் ஒரு பட்டையாக நிற்கும், இரண்டு பக்கமும் கறுப்பு.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று. அடித்து முடித்த பிறகுதான் எழுத்து திரையில் வருகிறது என்றீர்கள். அது விரலின் குற்றமும் அல்ல, கண்ணாடியின் குற்றமும் அல்ல. 64 ஜீபியும் நிரம்பியிருக்கும். நிருபர் என்றால் இருபது வட்ஸ்அப் குழுவாவது இருக்குமே. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மெனேஜ் ஸ்டோரேஜ் போங்கள். எந்தக் குழு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். காலை வணக்க வீடியோக்களையெல்லாம் அழித்து, ஒரு பத்து ஜீபியாவது காலியாக வைத்துவிட்டு போனை அணைத்துப் போடுங்கள். அப்புறம் சொல்லுங்கள், புதுப் போன் தேவையா என்று.

ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள இலக்கம், அந்த விஷயம் கடைசி, ஆனால் மச்சான் காசு கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது. 2025 ஜனவரி 29 முதல், நாட்டுக்குள் புதிதாக வரும் போன்களின் ஐஎம்இஐ இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்குள்ள சிம்மோடு இணையாது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்த போன்களுக்குப் பிரச்சினை இல்லை. இங்கே கடையில் வாங்குகிறவர்கள், பெட்டியில் இருக்கும் 15 இலக்கத்தைப் பார்த்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு இலக்கம், இரண்டையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தப் பாவனைக்குக் கொண்டுவருவதென்றால் பதிவு வழியை ஆணைக்குழுவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போன் வந்த பிறகு கேட்காதீர்கள். அதோடு, 4ஜியிலேயே பேசும் வோல்ட்டி வசதியை இங்குள்ள நிறுவனங்கள் எல்லா மாடலுக்கும் திறந்துவிடுவதில்லை. அபூர்வமான மாடல் என்றால் அதையும் சிம் நிறுவனத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

ஆக, வாங்க வேண்டாம். மச்சான் எதையாவது அனுப்பியே தீருவேன் என்றால் ஒரு நல்ல மடக்கு கீபோர்ட்டை அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு ஐஎம்இஐயும் இல்லை.

*

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. ரொறொன்ரோவிலிருக்கும் மகன் பல வருடத்துக்கு முன் தந்த பிளாக்பெரி கிளாசிக்கைத்தான் விரும்பிப் பாவித்தேன். அது செத்துவிட்டது. பிறகு அவர் தன் ஐபோன் 14 ப்ரோவைத் தந்தார். எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். கண்ணாடியில் ஒன்றைத் தொட்டால் இரண்டு விழுகிறது. செகண்ட் ஹேண்ட் பிளாக்பெரி கீ2 ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார் மகன். அது சரியா? நான் எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல்தான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்டாரவளை

டீச்சர், மேலே அந்த நிருபருக்கு நான் சொன்னதில் பாதியை நீங்கள் மறந்துவிடலாம். பட்டன் உங்களுக்கு ஆடம்பரம் அல்ல, தேவை. பட்டனில் விரலை வைத்து ஓய்வெடுக்கலாம். இடம் சரியா என்று தடவிப் பார்த்து, பிறகு அழுத்தலாம். கண்ணாடியில் வைத்தாலே எழுத்து விழுந்துவிடும், யோசிக்க இடமே இல்லை. கை நடுங்குகிறவர்களுக்குப் பட்டன் சுகமாக இருப்பது அதனால்தான். நீங்கள் எழுதுவதும் ஆங்கிலம், 26 பட்டன் அதற்காகவே பிறந்தது.

ஆனால் கீ2 வேண்டாம். உங்கள் கிளாசிக்கில் இருந்தது பிளாக்பெரியின் சொந்த மென்பொருள். அதற்கான சேவைகளை 2022 ஜனவரி 4 அன்று நிறுவனமே நிறுத்திவிட்டது. 2018இல் வந்த கீ2 அண்ட்ராய்ட் போன் என்பதால் அந்த நிறுத்தத்தில் சிக்கவில்லை. ஆனால் அது அண்ட்ராய்ட் 8.1இல் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. செய்து விற்றது டிசிஎல் என்ற நிறுவனம், பிளாக்பெரியோடு அவர்களுடைய ஒப்பந்தமும் 2020 ஆகஸ்டோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத போனில் பென்ஷன் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல. பெட்டரியும் அத்தனை வருடப் பழசாகத்தான் இருக்கும்.

உங்கள் கையில் ஐபோன் 14 ப்ரோ இருக்கிறதே, அதுவே வழி. கிளிக்ஸ் என்று ஒரு உறை. 2024 ஜனவரியில் அறிவித்தார்கள், முதலில் செய்த மாடல்களில் 14 ப்ரோவும் ஒன்று. போனை உள்ளே தள்ளினால் சார்ஜர் துளையிலேயே மாட்டிக்கொள்ளும், கீழே பட்டன் வரிசை நீட்டிக்கொண்டு வரும். புளூடூத் தேவையில்லை, தனியாகச் சார்ஜ் போடவும் தேவையில்லை, போனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். திரையில் கீபோர்ட் மறைந்துவிடுவதால் எழுதியதை வாசிக்க இடமும் கூடும். வெளிவந்தபோது அமெரிக்க விலை 139 டொலரிலிருந்து. உறைக்கு ஐஎம்இஐ கிடையாது, மகன் பொதியில் அனுப்பிவிடலாம். 14 ப்ரோவுக்கானது என்று பார்த்துத்தான் வாங்கச் சொல்லுங்கள், 15 ப்ரோவின் உறை வேறு, துளையே வேறு. ஒரு குறையும் உண்டு. போன் நீண்டு, தலைப் பக்கம் கனக்கும். நின்றுகொண்டு ஒரு கையால் பிடிக்காதீர்கள், நாற்காலியில் அமர்ந்து இரண்டு கையாலும் பிடியுங்கள்.

உறை வரும்வரை ஒன்று செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதில் டச், அதில் டச் அக்கொமடேஷன்ஸ். அங்கே ஹோல்ட் டியூரேஷன் என்பதைப் போட்டால், விரல் நீங்கள் குறித்த நேரம் தங்கினால்தான் தொட்டதாகக் கணக்கு. நடுக்கத்தில் பட்டுப் போவதையெல்லாம் போன் கண்டுகொள்ளாது. குறைந்த நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை போன் மக்கர் பண்ணுவது போல இருக்கும்.

*

அண்ணா, அம்மா கொழுந்து எடுக்கிறவர். போன் கொடுத்தால் திரை அவர் விரலுக்குக் கேட்பதே இல்லை. என் விரலுக்கு உடனே கேட்கிறது. போன் பழுதா? அம்மாவுக்குப் பட்டன் வைத்த ஸ்மார்ட்போன் வாங்கினால் சரியாகுமா?
– ஒரு மகள், தலவாக்கலை

போன் பழுதில்லை தங்கச்சி. வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்திருக்கும், காய்ந்தும் இருக்கும். திரைக்கு வேண்டியது விரலின் ஈரமும் மின் தன்மையும். தடித்த தோல் அதைக் குறைத்துவிடுகிறது. அதற்கு மேல் தடிமனான கண்ணாடிப் பாதுகாப்பு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். என் கடைக்கும் இந்தக் குறையோடு அம்மாமார் வருகிறார்கள். திரையை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் காசு கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் அந்தத் தடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதில் டச் சென்சிடிவிட்டி இருக்கும், போட்டுவிடுங்கள். வேறு போன்களிலும் கையுறை முறை என்று ஒன்று இருக்கலாம், அதுவும் அதே வேலைதான். நுனியால் குத்தாமல் விரலின் பக்கவாட்டுச் சதையால் தொடச் சொல்லுங்கள், அங்கே தோல் மெலிசு. வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுத் தொட்டால் வித்தியாசம் தெரியும்.

அம்மாவுக்கு என்ன தேவை என்று நீங்கள் எழுதவில்லை. உங்களோடு பேச மட்டும் என்றால் 4ஜி பட்டன் போன் ஒன்று போதும், மலையில் விழுந்தாலும் உடையாது. வீடியோவில் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் இருக்கிற போனே போதும். 26 ஆங்கில எழுத்து வைத்த விலை கூடிய போன் அம்மாவுக்கு எதற்கு? எழுத வேண்டி வந்தால் மைக் படத்தைத் தொட்டுப் பேசச் சொல்லுங்கள். ஜீபோர்ட் என்ற கூகுள் கீபோர்ட் செயலியில் குரல் மொழிப் பட்டியலில் தமிழ் இலங்கை என்றே தனியாக இருக்கிறது. பெரட்டு, கொந்தரப்பு என்று நம் தோட்டத்துச் சொற்களைச் சொன்னால் அது வேறு எதையாவது எழுதிவைக்கும், அதையும் நாலு பேர் சிரித்துவிட்டுப் போகட்டும். வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினால் அந்த வம்பும் இல்லை.

*

புதிதாக ஒரு கீபோர்ட் போன் வரப்போகிறது, இப்போதே முன்பணம் கட்டினால் விலை குறைவு என்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு கடை முதலாளி, ஹப்புத்தளை

கட்ட வேண்டாம் முதலாளி. 2020 ஆகஸ்டில் ஒன்வர்ட்மொபிலிட்டி என்று ஓர் அமெரிக்க நிறுவனம், பிளாக்பெரி பெயரில் 5ஜி கீபோர்ட் போன் கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்தது. 2021இல் வரும் என்றார்கள், வரவில்லை. 2022 பெப்ரவரியில் கடையையே மூடிவிட்டார்கள். உலகம் பூராவும் கீபோர்ட் போன் வாங்குகிறவர்கள் ஒரு கைப்பிடிதான், அதனால் இந்த வியாபாரத்தில் நாளைக்கு யார் இருப்பார்கள் என்று சொல்வது கஷ்டம். முன்பணம் வாங்கிய யூனிஹேர்ட்ஸ் போனைக் கொடுத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் பெட்டியில் வந்து, நாலு பேர் பாவித்து, கெட்டதையும் சொன்ன பிறகு வாங்குங்கள். உங்கள் கடையில் பொருள் வருவதற்கு முன் நீங்கள் காசு கேட்டால் எங்கள் ஊர் ஆட்கள் கொடுப்பார்களா?

*

அப்பாவின் அலுமாரியில் நோக்கியா இ63 ஒன்று கிடக்கிறது. பட்டன்கள் புதுசு போல இருக்கின்றன. புதுப் போன் வாங்காமல் இதையே பாவிக்கலாமா? வட்ஸ்அப் வருமா?
– உயர்தர மாணவன், பதுளை

வட்ஸ்அப் வராது தம்பி. அது ஓடும் சிம்பியன் மென்பொருளுக்கு வட்ஸ்அப் 2017 நடுவிலேயே விடை கொடுத்துவிட்டது. இன்றைய இணையத்தளங்களும் அனேகமாகத் திறக்காது. பேசலாம், ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அடிக்கலாம், பரீட்சைக் காலத்தில் அதுவே உனக்கு நல்லது என்று அப்பா சொல்வார், நான் சொல்லவில்லை. சார்ஜ் போடும் முன் பின் மூடியைக் கழற்றி பெட்டரியைப் பார். பிபி-4எல் என்று எழுதியிருக்கும். மேசையில் வைத்துச் சுற்றினால் பம்பரம் மாதிரிச் சுழன்றால் உப்பிவிட்டது என்று அர்த்தம், அதைப் போட்டுச் சார்ஜ் பண்ணாதே, குத்தவும் செய்யாதே, திருத்தும் கடையில் கொடுத்துவிடு. புதுப் பெட்டரி வாங்கினால் நல்லதாகப் பார்த்து வாங்கு, போலிதான் அதிகம் ஓடுகிறது. போன் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அப்பாவிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது, அந்தப் பட்டன் வரிசைக்காகவே நான் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.